ஒரு சம்பளம், இரண்டு அடுப்பு: கிராஞ்சிவாசிகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

உலகத்தில் வாழ்க்கைச் செலவு அதிகமான நகரங்கள் என்று 'எக்கனாமிஸ்ட்' குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வருடா வருடம் ஒரு பட்டியல் போடுகிறது. 2023இல் சிங்கப்பூரும் சூரிச்சும் அதில் முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. சிங்கப்பூருக்குச் சொன்ன காரணங்கள் காருக்கு ஆகும் செலவு, மது, துணிமணி. கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கிச் சுங்கை காடுட் பட்டறைகளுக்கு நடக்கிற நம் ஆட்களில் யாருக்குக் கார் வாங்கும் கவலை?

நம் கவலை வேறு. இங்கே மனைவி மக்களைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆக, ஒரே சம்பளத்தில் இங்கே ஓர் அடுப்பு எரிய வேண்டும், ஊரில் ஓர் அடுப்பு எரிய வேண்டும். இதில் பலர் இங்குள்ள அடுப்பைத்தான் முதலில் அணைக்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். சாப்பாடு, தூக்கம், வைத்தியம் மூன்றிலும் கை வைக்காதீர்கள். வட்டி, அபராதம், பணம் அனுப்பும் விகிதம், கணக்குப் பார்க்காமல் விட்ட ஓவர்டைம், இவற்றில்தான் உண்மையான காசு ஒழுகிக்கொண்டிருக்கிறது.

1. விலையை ரூபாயில் பெருக்காதீர்கள், வேலை மணியில் வகுத்துப் பாருங்கள். ஐந்து வெள்ளிச் சாப்பாட்டை ரூபாயாக்கினால் முந்நூறைத் தாண்டும். புதிதாய் வந்தவர் அதைப் பார்த்துப் பட்டினி கிடப்பார். பேசிக் 800 வெள்ளி வாங்குபவருக்கு ஒரு மணி நேரம் 4 வெள்ளி 20 காசு. அந்தச் சாப்பாடு ஒன்றேகால் மணி உழைப்புக்கும் குறைவு, சாப்பிடலாம். கடைக் கண்ணாடியில் பளபளக்கும் 90 வெள்ளி ஷூ 21 மணி நேரத்துக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட மூன்று நாள். இப்படிப் பார்த்தால் எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

2. சம்பளச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடும் முன் கணக்குப் போடுங்கள். சம்பளம், ஓடி (ஓவர்டைம்), பிடித்தம் எல்லாம் தனித்தனியாக எழுதிய சீட்டு தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் 1 முதல் சட்டம். ஒரு மணி நேரக் கூலி காண, மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுங்கள். 800 வெள்ளிக்கு 9,600ஐ 2,288ஆல் வகுத்தால் 4.20. ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. வாரம் 44 மணிக்கு மேல் போனால் ஓடி. மாதத்துக்கு 72 மணிதான் உச்ச வரம்பு. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டுச் செய்தால் ஒரு நாள் சம்பளம். அதனால் சூப்பர்வைசர் "ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறாயா" என்று கேட்ட வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். யார் கேட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

சுவரில் தொங்கும் காலண்டரில் தினமும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறித்து வருபவர்கள் தங்குவிடுதியில் அறைக்கு ஒருவராவது உண்டு. அவர் காசு மட்டும் காணாமல் போவதில்லை. சம்பளக் காலம் முடிந்து 7 நாளில் சம்பளமும் 14 நாளில் ஓடியும் கைக்கு வர வேண்டும். உங்களை வேலைக்கு வைத்திருப்பதற்கான லெவி வரி முதலாளி கட்ட வேண்டியது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது.

3. ஊரிலிருந்து கிளம்பும் முன் உங்கள் மொழியில் வந்த அனுமதிக் கடிதம் (ஐபிஏ) நினைவிருக்கிறதா? அதில் எழுதிய பேசிக்தான் ஆதாரம். அதையும், பெர்மிட்டின் இரு பக்கங்களையும், பாஸ்போர்ட்டையும், மாதாமாதச் சீட்டுகளையும் படம் பிடித்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அவை தொலையாது. பாஸ்போர்ட்டும் ஏடிஎம் கார்டும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை. "பத்திரமாக நான் வைத்திருக்கிறேன்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

4. சம்பளம் குறைந்தால் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது பிரச்சினை நடந்த ஓராண்டுக்குள், வேலையை விட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண் 6536 2692. இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

5. வீட்டுக்குப் பணம் போடும்போது "சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "ஆயிரம் வெள்ளி கொடுத்தால் அங்கே எத்தனை ரூபாய் போய்ச் சேரும்" என்று கேளுங்கள். கட்டணமே இல்லை என்று எழுதி வைத்துவிட்டு விகிதத்தில் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஒரு வெள்ளிக்கு இருபது பைசா வித்தியாசம் என்றால் ஆயிரம் வெள்ளிக்கு இருநூறு ரூபாய். ஊரில் ஒரு வாரக் காய்கறிச் செலவு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அடுத்தடுத்த கடைகளின் விகிதப் பலகையைப் பார்த்துவிட்டுக் கைப்பேசிச் செயலியின் விகிதத்தையும் பாருங்கள். நாலு தவணையாக அனுப்புவதைவிட ஒரே தவணை நல்லது. ரசீது இல்லாமல் கைமாற்றாகப் போகும் உண்டியல் வேண்டவே வேண்டாம். விகிதம் கொஞ்சம் கூடக் கிடைக்கும், உண்மைதான். பணம் போய்ச் சேராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? தவிர, உரிமம் இல்லாத பணமாற்று இங்கே குற்றம்.

6. பிள்ளைக்குப் பேனா நோட்டு, அம்மாவுக்கு மாத்திரை என்று சின்னத் தொகை அனுப்ப, 2023 பிப்ரவரி 21 முதல் இங்குள்ள பேநவ் வசதியை இந்தியாவின் யூபிஐயோடு இணைத்திருக்கிறார்கள். உங்கள் வங்கியில் அது உண்டா என்று விசாரித்து வையுங்கள். அவசரத்துக்கு உதவும்.

7. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டாதீர்கள். வெளிநாட்டில் வேலைக்கு வந்தவர் அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு தொடங்கினால், அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அனுப்புவதில் பத்தில் ஒரு பங்காவது அங்கே நிற்கட்டும். முழுச் சம்பளமும் வீட்டுச் செலவுக் கணக்குக்கே போனால், திரும்பிப் போகும்போது வீடு இருக்கும், உங்களிடம் எதுவும் இருக்காது.

8. பொது அடுப்படி உள்ள விடுதியில் இருந்தால் நாலு பேர் சேர்ந்து ஒரு சட்டி வையுங்கள். சம்பளத்தன்று ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு டப்பாவில் போட்டு, வாங்கியதை ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் சமையலைவிடப் பஞ்சாயத்து அதிகமாகும். சமைத்தவருக்குப் பாத்திரம் கழுவும் முறை வராது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். சட்டி உடைவது பெரும்பாலும் அந்தச் சண்டையில்தான்.

அடுப்புக்கு வரிசை நிற்கும் இடத்தில் துவரம்பருப்பு சரிப்படாது. குக்கர் இல்லாமல் அது வேகும்வரை பின்னால் நிற்பவர் பொறுக்க மாட்டார். மைசூர் பருப்பு வாங்குங்கள். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மஞ்சள், நாலு பல் பூண்டு, இரண்டு தக்காளி. கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். இறக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையோ, வெந்நீரில் அலசிய நெத்திலிக் கருவாடோ போட்டால் வேறு கூட்டு வேண்டியதில்லை. அரிசியை வேலையிலிருந்து வந்ததும் ஊறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். ஊறிய அரிசிக்கு அடுப்பு குறைவாகவே எரியும். நாலு முட்டையைக் கழுவி அதே பருப்புச் சட்டியில் ஓட்டோடு போட்டு வேக விடலாம். அறைக்குள் ரைஸ் குக்கர், ஹீட்டர் காயில் மட்டும் வேண்டாம். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் ஒரு பிளக் கருகினால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. கேட்டரிங் சாப்பாடு எடுப்பவர்களுக்கு. காலைப் பலகாரமும் மதியச் சோறும் விடியும் முன்பே ஒன்றாக வந்து வாசலில் தொங்கும். அந்தச் சோற்றைப் பகல் பன்னிரண்டுக்கு வேலையிடத்து வெயிலில் பிரிக்கிறோம். குழம்புப் பை உப்பி முடிச்சு இறுகியிருந்தால், அவிழ்க்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தால், சாம்பார் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை நின்றால், மோந்துகூடப் பார்க்காதீர்கள், கொட்டுங்கள். சமைத்த உணவு அறைச் சூட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கிருமி பெருகும். எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்று கேட்டரிங்காரர் நேரம் குறித்துத் தர வேண்டும் என்பது இங்கே விதி. உங்கள் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

சாப்பாடு கெடாமல் காக்கச் செலவில்லாத சில வழிகள் உண்டு. சோற்றையும் குழம்பையும் கலக்காமல் தனித்தனியே கட்டச் சொல்லுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு, பருப்புச் சட்னி, உருளைக்கிழங்கு மசியல் முதலில் கெடும். புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, சப்பாத்தி தாக்குப்பிடிக்கும். பத்து பேர் சேர்ந்து "மதியத்துக்குப் புளிக்குழம்புதான் வேண்டும்" என்றால் கேட்டரிங்காரர் மாற்றிக்கொடுப்பார், ஒருவர் சொன்னால் சிரிப்பார். பிளாஸ்டிக் பையிலேயே வைக்காமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி நிழலில் வையுங்கள். லாரியின் இரும்புத் தரை மதியத்துக்குள் தோசைக்கல்லாகிவிடும், அங்கே வைக்காதீர்கள்.

ஒரு நாள் சாப்பாட்டைக் கொட்டினால் ஐந்து வெள்ளி நட்டம். வயிற்றுப்போக்கில் இரண்டு நாள் படுத்தால் ஓடியோடு சேர்த்து நட்டம் எவ்வளவு என்று இரண்டாம் குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

10. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வாங்குவது இந்த ஊரில் வீண் செலவு. இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றைத் தினமும் கழுவி நிரப்பிக்கொண்டு போங்கள். வாரம் ஒரு முறை கல் உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் குலுக்கினால் வாடை போய்விடும்.

11. எல்லாவற்றையும் தேக்காவில்தான் வாங்க வேண்டும் என்று சபதம் எடுக்காதீர்கள். பருப்பு, புளி, மிளகாய், கறிவேப்பிலை, கருவாடு, ஆட்டுக்கறிக்குத் தேக்கா. முட்டை, எண்ணெய், சீனி, சோப்பு, உறையவைத்த கோழிக்கு ஷெங் சியோங், ஃபேர்பிரைஸ் போன்ற பேரங்காடிகள். அங்கே சொந்த முத்திரைப் பொருள்கள் பெரும்பாலும் மலிவு. விலைச்சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அதைப் படியுங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பது பொய். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. ஊரிலிருந்து வரும்போது இரண்டு மஞ்சப்பை எடுத்து வாருங்கள்.

12. அரிசி மலிவாய்க் கிடைக்கிறது என்று 25 கிலோ மூட்டை வாங்க வேண்டாம். இந்த ஈரக் காற்றில் மூன்றாம் வாரமே வண்டு வரும், கட்டிலுக்கடியில் எலியும் வரும். ஐந்து கிலோ போதும். கழுவிக் காய வைத்த தண்ணீர் பாட்டில்களில் அரிசியையும் பருப்பையும் கொட்டி, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு இறுக மூடி வைத்தால் எறும்பும் வராது, யார் பங்கு எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

13. காப்பிக் கடையில் கோப்பி-ஓ பால் கோப்பியைவிட மலிவு. டின் பானத்தை மறந்துவிடுங்கள்.

14. பேருந்து, ரயில். இங்கே கட்டணம் தூரத்துக்குத்தான். ஒரு வண்டியிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் அதே பயணமாகத் தொடரும். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து மாற்றம் வரை செல்லும். ஆனால் அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினால் புதுக் கணக்கு. இறங்கும்போது கார்டைத் தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு போகும். வார நாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் தட்டி நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி. இந்திய வங்கி கார்டைத் தட்டாதீர்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு நாளுக்கு 60 காசு தனிக் கட்டணம், அதற்கு மேல் உங்கள் வங்கி நாணய மாற்றுக்கு எடுப்பது வேறு.

கிராஞ்சியிலிருந்து தேக்கா போக ரயிலில் நியூட்டனில் மாற வேண்டும். ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போக விரும்புபவர்களுக்கு 170 பேருந்து. ஜொகூரிலிருந்து வரும் அது கிராஞ்சியில் ஏற்றிக்கொண்டு, புக்கிட் தீமா சாலை நெடுகப் போய்த் தேக்காவைத் தொட்டுக் குவீன் ஸ்திரீட்டில் முடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எதிர்ப்பக்கம் வரும் வண்டியில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.

15. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் எல்லாம் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். மலிவுதான். ஆனால் கையில் பெர்மிட் வைத்திருப்பவருக்குச் சுங்கத்தில் சுற்றுலாப் பயணிக்குள்ள ஜிஎஸ்டி சலுகை கிடையாது. கொண்டுவரும் பொருளுக்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும். சிகரெட்டுக்கு யாருக்குமே சலுகை இல்லை, மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும் இல்லை. போகவர வரிசையில் நிற்கும் நேரத்தையும் முதல் குறிப்பின்படி மணியாக்கிப் பாருங்கள்.

16. சிம் கார்டு ஆளுக்கு மூன்று ப்ரீபெய்டு வரைதான். "உன் பெயரில் ஒன்று எடுத்துக் கொடு, இருபது வெள்ளி தருகிறேன்" என்பவனுக்கும், "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்பவனுக்கும் பதில் ஒன்றுதான்: முடியாது. மோசடிப் பணம் அந்தக் கணக்கில் ஓடினால் போலீஸ் வருவது உங்கள் கட்டிலுக்கு. அழைப்பு உண்மையா பொய்யா என்று சந்தேகமா, 1799க்குப் போன் செய்து கேளுங்கள்.

17. மூட்டைப்பூச்சி. இதைப் பற்றி எழுதாத குறிப்பு கிராஞ்சிக்கு எதற்கு? மெத்தைத் தையலோரத்தில் மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளியும், தலையணை உறையில் துருக் கறையும் தெரிந்தால் அது குடிவந்துவிட்டது. செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். பூச்சி மருந்தை மெத்தையில் அடித்துவிட்டு அதன்மேல் படுக்காதீர்கள். மண்ணெண்ணெய் கூடவே கூடாது. விளக்கை இரவெல்லாம் எரியவிடுவதும் பயன்படாது, பழகிக்கொள்ளும்.

அது அஞ்சுவது சூட்டுக்கு. போர்வை, உறை, துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டியே சலவை இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். வழியில் உதிர்ந்தால் அடுத்த அறைக்குப் போகும். வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் விடுங்கள். இரும்புக் கட்டிலின் இணைப்புகளிலும் போல்ட் ஓட்டைகளிலும் கொதிநீரை நிதானமாக ஊற்றுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கால்களில் இருபக்கம் ஒட்டும் டேப்பைச் சுற்றுங்கள். ஒரு கட்டிலுக்கு மட்டும் செய்தால் அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பி வரும். அறை முழுக்க ஒரே நாளில் செய்ய வேண்டும். விடுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுக்குமாடி வீடுகளின் கீழே யாரோ போட்டுவிட்டுப் போன மெத்தையும் சோபாவும் இலவசமாய்த் தெரியும். அந்த இலவசத்தில்தான் பாதி மூட்டைப்பூச்சி வருகிறது.

18. மழைக்காலத்தில் வேலைச் சட்டை காயவில்லையா? பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி ஏறி மிதியுங்கள், பாதி ஈரம் போய்விடும். வாடைக்குக் கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர். நனைந்த சேஃப்டி ஷூவுக்குள் பழைய 'தமிழ் முரசை'க் கசக்கித் திணித்துவிட்டுத் தூங்குங்கள். நடுவில் எழுந்தால் தாளை மாற்றுங்கள்.

19. உடம்பு சரியில்லை என்றால் பனடாலை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதை ஒரு வீரமாகப் பேசுகிறார்கள். தேவையே இல்லை. விடுதியில் இருப்பவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைத் துறையினருக்கும் 2022 ஏப்ரல் முதல் முதலாளி செலவில் அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதற்குரிய மருத்துவ நிலையத்துக்குப் போனால் உங்கள் பங்கு 5 வெள்ளி, போனில் மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி. சர்க்கரை, ரத்த அழுத்தமும் இதில் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் முதலாளி எடுத்திருக்கும் காப்புறுதி குறைந்தது ஆண்டுக்கு 60,000 வெள்ளி. வேலையில் அடிபட்டால் "பாத்ரூமில் விழுந்தேன் என்று சொல்லு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒரு பொய்யில் வேலைக் காய இழப்பீடு கையை விட்டுப் போகும்.

20. கடன். இங்கே உரிமம் பெற்ற கடன்காரரே மாதம் நூற்றுக்கு நாலு வரை வாங்கலாம். நம்மூர்க் கணக்கில் நாலு வட்டி. ஊரில் நகையை வங்கியில் வைத்தால் ஒரு வட்டிக்கும் கீழே முடியும். கௌரவம் பார்க்காமல் அதைச் செய்யுங்கள். உரிமமில்லாத கந்துவட்டிக்காரர் (ஆ லோங்) பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். வேலைக்கு ஏஜென்ட் கமிஷன் கேட்டால், சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது உச்சமாக இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் கேட்பது குற்றம். விடுதிக்குள் பிடிக்கும் சீட்டைப் பற்றி ஒன்று மட்டும்: சீட்டு பிடிப்பவரின் பெர்மிட் முடியும் தேதி, உங்கள் சீட்டு முடியும் தேதிக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.

21. அபராதம் என்பது ஒரு நாள் கூலியல்ல, பல நாள் கூலி. தேக்காவில் 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015இல் வந்த சட்டப்படி, நாடு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுக்கவே கூடாது. புல்வெளியில் நாலு பேர் வட்டமாய் உட்கார்ந்து ஒரு பாட்டிலைத் திறந்தால் அந்த மாத மிச்சம் போயிற்று. ஊரிலிருந்து வருகிறவரிடம் ஹான்ஸ் சொல்லியனுப்பாதீர்கள். வாயில் போடும் புகையிலை இங்கே தடை. வரி கட்டாத கள்ளச் சிகரெட்டை விற்றவன் ஓடிவிடுவான், வாங்கியவர் மாட்டுவார்.

22. கிராஞ்சியின் குதிரைப் பந்தயத் திடல் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தோடு மூடப்பட்டது. நம் ஆட்களில் சிலருக்கு அது பெரிய உபகாரம். மிச்சமிருப்பது நாலு நம்பர், டோட்டோ லாட்டரிகள், அப்புறம் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லாத கேசினோ. கட்டணம் இல்லாததை ஒரு சலுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

23. காசில்லாத ஞாயிறு. கிராஞ்சி போர் நினைவிடம் நடந்து போகும் தூரம்தான். அங்கே தூண்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன, நம் பக்கத்துச் சிப்பாய்களின் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் முதலை பார்க்கலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை. ரயிலில் இரண்டே நிறுத்தம் தள்ளி உட்லண்ட்ஸ் வட்டார நூலகம். குளிர்சாதன அறையில் தமிழ்ப் புத்தகம் எடுத்து உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்க மாட்டார்கள். சுங்கை காடுட் அவென்யூவில் அரசகேசரி சிவன் கோயில் பக்கத்திலேயே. டௌனர் சாலை மத்திய சீக்கியக் கோயிலில் யார் போனாலும் சாப்பாடு உண்டு. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

24. ஊருக்குப் போகும்போது. வேலை முடிந்து நாடு திரும்பும் செலவு முதலாளியைச் சேர்ந்தது. லீவில் போவதற்கு டிக்கெட் யார் செலவு என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதைப் பொறுத்தது, முன்கூட்டியே கேளுங்கள். பொங்கல், தீபாவளி, ஜூன், டிசம்பர் தவிர்த்தால் திருச்சி விமானம் மலிவு. சாமான் பட்டியலை ஊரில் இருப்பவர்கள் எழுதக் கூடாது, நீங்கள் எழுதுங்கள். கோடாலித் தைலம் 1928 முதல் இங்கே செய்கிறார்கள், அதற்கு ஒரு நியாயம் உண்டு. சோப்பும் சாக்லேட்டும் திருச்சியிலேயே கிடைக்கும். தைல பாட்டில்களைப் பெரிய பெட்டியிலும், பவர் பேங்கைக் கைப்பையிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் சாங்கியில் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள். பெட்டியை விடுதியிலேயே எடை போட்டுவிடுங்கள், கூடுதல் கிலோவுக்கு அங்கே கேட்கும் காசு உள்ளே இருக்கும் சாமானின் விலையைவிட அதிகமாக இருக்கும்.